கிளெய்ம் மறுக்கப்பட்டால் எந்த வாசலுக்குப் போவது?

"மழைத் தண்ணி மட்டும் வந்தா காசு உண்டாம், எண்ணெயோட வந்தா கிடையாதாம். இன்னா கணக்கு மாமா இது?"

மனைவியின் தம்பி இப்படிக் கேட்டுக்கொண்டே ஒரு கடிதத்தை என் மேஜையில் போட்டது 2024 ஜூனில். எர்ணாவூரில் அவனுக்குச் சின்னதாக ஒரு லேத் பட்டறை. அதற்கு முந்தைய டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெயையும் சுமந்துகொண்டு வந்து திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் வீடுகளில் கறுப்புக் கோடு போட்டுவிட்டுப் போனது நினைவிருக்கும். பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். மோட்டார் காயில் போனது, பேனல் போர்டு போனது, அட்டைப் பெட்டியில் இருந்த டூல்கள், கிரைண்டிங் வீல்கள் எல்லாம் எண்ணெயில் ஊறிக் கிடந்தன. காப்பீட்டுக் கம்பெனியிடம் கேட்ட தொகை 9 லட்சத்து 40 ஆயிரம். வந்தது அரைப் பக்கக் கடிதம்: மாசினால் ஏற்படும் சேதம் பாலிசியில் விலக்கப்பட்டுள்ளது, ஆகவே கிளெய்ம் மறுக்கப்படுகிறது.

நான் காலடிப்பேட்டையில் சிறு கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் கணக்கு எழுதுகிறவன், வக்கீல் அல்ல. ஆனால் இப்படிக் கடிதம் வந்தால் முதலில் என்னிடம்தான் கொண்டுவருகிறார்கள். எல்லாரும் கேட்பதும் ஒன்றுதான்: காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போவதா, நுகர்வோர் கோர்ட்டா, சிவில் கோர்ட்டா? செலவு எதில் குறைவு, எது சீக்கிரம் முடியும் என்று பார்த்தே பெரும்பாலும் முடிவெடுக்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது மறுப்புக் கடிதத்தில் உள்ள காரணத்தை. சண்டை சொல்லின் பொருளைப் பற்றியதா, காகிதம் கைக்கு வந்ததா என்பதைப் பற்றியதா, நடந்தது என்ன என்பதைப் பற்றியதா, தொகையைப் பற்றியதா? ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் வாசல் வேறு.

அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத புதுக் காரணத்தைக் கம்பெனி பிறகு வழக்கில் கொண்டுவர முடியாது என்று சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கம்பெனி தன் கையாலேயே எல்லைக்கோடு போட்டுக் கொடுத்த மாதிரி.

இனி, கோர்ட்டுகள் பாலிசியை எப்படிப் படிக்கின்றன என்று பார்க்கலாம். பாலிசியில் இரண்டு வகை வரிகள் உண்டு. ஒன்று, நம் நஷ்டத்தைக் காப்புக்குள் கொண்டுவரும் வரி: தீ, புயல், வெள்ளம், திருட்டு என்று. மற்றது, உள்ளே வந்ததை வெளியே தள்ளும் விலக்கு வரி. நஷ்டம் முதல் வரிக்குள் வருகிறது என்று காட்டுவது நம் வேலை. விலக்கு வரி பொருந்துகிறது என்று நிரூபிப்பது கம்பெனியின் வேலை. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதி வழக்கு புரிந்த மாதிரிதான்.

அப்புறம், விலக்கு வரிக்கு இரண்டு விதமாகப் பொருள் கொள்ள இடம் இருந்தால், பாலிசி எடுத்தவருக்குச் சாதகமான பொருளையே எடுக்க வேண்டும். எழுதியது கம்பெனி, நாம் கையெழுத்து மட்டும்தான் போட்டோம், எழுத்தில் குழப்பம் இருந்தால் எழுதியவர் தலையில்தான் விடியும். 1966-ல் சந்துமுல் ஜெயின் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. ஆனால் அதே தீர்ப்பு, ஒப்பந்தத்தில் இருக்கும் சொற்களே முக்கியம், கோர்ட் புதிதாக ஓர் ஒப்பந்தத்தை எழுதித் தராது என்றும் சொன்னது. நம் ஆட்கள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். குழப்பம் இல்லாத இடத்தில் இந்த விதி ஒரு ரூபாய் கூட வாங்கித் தராது.

பாலிசியின் மூல நோக்கத்தையே விலக்கு வரி விழுங்கிவிட்டால் என்ன ஆகும்? 2022-ல் டெக்ஸ்கோ மார்க்கெட்டிங் வழக்கு. கடை இருந்தது தரைக்குக் கீழே உள்ள அடித்தளத்தில். தீ விபத்து பாலிசியில் அடித்தளத்துக்குக் காப்பு கிடையாது என்று ஒரு வரி. கடை அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்தே பிரீமியம் வாங்கியிருந்தார்கள். கடை எரிந்ததும் அந்த வரியைக் காட்டினார்கள். கொடுத்த காப்பையே இல்லாமல் செய்யும் விலக்கு செல்லாது என்று உச்ச நீதிமன்றம் கடைக்காரர் பக்கம் நின்றது.

சரி, எர்ணாவூருக்கு வருவோம். மச்சான் எடுத்திருந்தது பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா. ஓர் இடத்தில் 5 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள தொழில்களுக்காக 2021 ஏப்ரல் 1 முதல் வந்த பாலிசி. வெள்ளம் அதில் தெளிவாகக் காப்புக்குள் இருக்கிறது. மாசு விலக்குதான், ஆனால் அந்த வரி அங்கேயே முடிவதில்லை. காப்புக்குள் உள்ள ஒரு சம்பவத்தின் விளைவாகவே மாசு வந்திருந்தால் விலக்கு பொருந்தாது என்று கூடவே எழுதியிருக்கிறது. கடிதம் எழுதியவர் முன்பாதியை மட்டும் எடுத்துப் போட்டிருந்தார். வெள்ளம் வராவிட்டால் அந்த எண்ணெய் பட்டறைக்குள் நடந்தா வந்திருக்கும்?

கம்பெனி தரப்பில் சொல்ல ஒன்றுமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். எண்ணெய் கசிந்தது தனிச் சம்பவம், வெள்ளம் அதைச் சுமந்துவந்தது மட்டும்தான் என்று அவர்கள் வாதாடலாம். அப்படி வந்தால், நஷ்டத்தை உண்டாக்கிய வலுவான காரணம் எது என்ற கேள்விக்குப் போக வேண்டும். 2009-ல் ஜுவாரி தொழிற்சாலை வழக்கில் அடுக்கடுக்காக நடந்த சம்பவங்களில் எது மூல காரணம் என்று கோர்ட் தேடிப் போன வழி அதுதான். மச்சானுக்கு அதிலும் ஒரு பிடி இருந்தது. லேத் என்பது எண்ணெயிலேயே வாழும் மெஷின். "எண்ணெய் பட்டு லேத் கெட்டதா?" என்று கேட்டால் பட்டறைப் பையன்களே சிரிப்பார்கள். காயிலையும் போர்டையும் தின்றது தண்ணீர். எண்ணெயால் கெட்டது பெட்டிச் சரக்கு மட்டும்தான்.

ஆக, சம்பவத்தில் சண்டை இல்லை, சாட்சி தேவையில்லை, ஒரு வரியின் பின்பாதியைப் படிக்க வைக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த மாதிரி விவகாரத்துக்கு ஆம்புட்ஸ்மேன் போதும் என்பது என் கருத்து. கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்க அனுமதியும் கிடையாது. அது நமக்குச் சாதகம், ஏனென்றால் எதிரில் உட்காருவதும் கம்பெனி அதிகாரிதான். தனிநபர் பாலிசிகளோடு, ஒருவரே உரிமையாளராக நடத்தும் தொழில், குறுந்தொழில் ஆகியவற்றின் பாலிசிகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். பலருக்கு இது தெரியாது. 50 லட்சம் ரூபாய் வரை அவர் உத்தரவு போடலாம். 2023 வரை இது 30 லட்சமாக இருந்தது. கேட்ட காகிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் தீர்ப்பு தர வேண்டும், கம்பெனி 30 நாளில் பணம் தர வேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். நமக்குப் பிடிக்காவிட்டால் நாம் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம். இவ்வளவு ஒருதலைப்பட்சமாக நம் பக்கம் சாய்ந்த ஏற்பாடு வேறெங்கே கிடைக்கும்?

நேராகப் போய்க் கதவைத் தட்ட முடியாது. முதலில் கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்தில் முறையிட வேண்டும். அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதம் பதில் தராமல் இருந்தாலோதான் அடுத்த படி. மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஆம்புட்ஸ்மேனிடம் போய்விட வேண்டும். அதே விஷயம் ஏற்கெனவே நுகர்வோர் கோர்ட்டில் இருந்தால் அவர் தொட மாட்டார், அதனால் வரிசை முக்கியம். இதில் கிடைக்காதது ஒன்று: மன உளைச்சலுக்கு இழப்பீடு. நஷ்டத்துக்கு மேல் போக அவருக்கு அதிகாரமில்லை.

தமிழ்நாட்டுக்கான அலுவலகம் தேனாம்பேட்டை அண்ணா சாலையில். விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் போய் இறங்கலாம். வழியில் உயர் நீதிமன்ற நிலையமும் வரும், எல்ஐசி நிலையமும் வரும். மச்சான் அதைப் பார்த்து, "எல்லா வாசலையும் ஒரே லைன்ல வெச்சிருக்கான் மாமா" என்றான்.

விசாரணை இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பாலிசியின் அந்தப் பக்கத்தை மஞ்சள் பேனாவால் கோடு போட்டு எடுத்துப்போயிருந்தோம். நஷ்டத்தை மதிப்பிட வந்த சர்வேயர் போட்ட பட்டியலில் தண்ணீரால் கெட்டது, எண்ணெயால் கெட்டது என்று நாங்களே இரண்டு பத்தியாகப் பிரித்து வைத்திருந்தோம். தேய்மானம் கழித்து 7 லட்சத்துச் சொச்சம் தரச் சொல்லி உத்தரவு வந்தது. மச்சானுக்கு முழுத் திருப்தி இல்லை, வாங்கிக்கொண்டான். மெஷின் ஓடினால்தானே சோறு.

எம்.சி. ரோடு ஜவுளிக்கடை பாய் விவகாரம் வேறு மாதிரி. ராத்திரி ஷட்டரைச் சாவி போட்டுத் திறந்து, 6 லட்சம் ரூபாய் சரக்கை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, திரும்பப் பூட்டிவிட்டும் போயிருக்கிறான் ஒருவன். மரியாதை தெரிந்த திருடன்! கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. கடிதத்தில் இருந்த காரணம்: பலவந்தமாக உடைத்து நுழையவில்லை, ஆகவே பாலிசியின் பொருளில் இது கொள்ளை அல்ல.

படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் இது விலக்கு வரி அல்ல, உள்ளே கொண்டுவரும் வரியிலேயே "பலவந்தம்" இருக்கிறது. 2004-ல் ஹர்சந்த் ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் முடிவு செய்தது. கொள்ளை என்றால் ஊர் வழக்கில் என்ன, தண்டனைச் சட்டத்தில் என்ன என்பதெல்லாம் வேண்டாம், பாலிசி தானே ஒரு விளக்கம் கொடுத்திருந்தால் அதுதான் சட்டம், பலவந்தம் இல்லையென்றால் பணம் இல்லை. 2016-ல் ஒடிசா அரசு நிறுவனம் ஒன்றின் வழக்கிலும் அதேதான். வரி தெளிவாக இருக்கிறது, குழப்பத்தின் பலனைக் கேட்க இடமில்லை என்றார்கள். சொல்லை வைத்து மட்டும் சண்டை போட்டால் பாய் தோற்பார்.

"பாய், பாலிசி புத்தகம் எங்க?"

"புக்கெல்லாம் யாரு குடுத்தா அண்ணே? பேங்க்ல சி.சி. லோன் வாங்கினப்ப அவங்களே எடுத்தாங்க. கணக்குல இருந்து பணம் புடிச்சாங்க. இந்த ஒரு ஷீட்டுதான் குடுத்தாங்க."

அந்த ஒற்றைத் தாளில் காப்புத் தொகை, தேதி, கடை முகவரி இருந்தன. பலவந்தம் என்ற பேச்சே இல்லை. அங்கேதான் வழி திறந்தது. பாரத் வாட்ச் கம்பெனி வழக்கிலும் உடைக்காமல் நடந்த திருட்டுதான். கம்பெனி காட்டியதும் ஹர்சந்த் ராய் தீர்ப்பைத்தான். தேசிய நுகர்வோர் ஆணையமும் ஏற்றுக்கொண்டது. ஆனால் 2019-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. அந்த நிபந்தனை பாலிசி எடுத்தவரிடம் தரப்படவே இல்லை, தெரிவிக்காத நிபந்தனையை அவர்மேல் ஏவ முடியாது. 2000-ல் மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் வழக்கில் போட்ட பாதை அது. ஒரே மாதிரித் திருட்டு, ஒரே மாதிரி வரி, இரண்டு முடிவு. நடுவில் இருக்கும் வித்தியாசம், காகிதம் கைக்கு வந்ததா இல்லையா என்பது மட்டும்.

அதனால் பாயை நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகச் சொன்னேன். "வரவில்லை" என்பது சம்பவம் பற்றிய பேச்சு. பிரமாணப் பத்திரம் போட வேண்டும், எதிர்த்தரப்பிடம் அனுப்பியதற்கான சான்றைக் காட்டச் சொல்லி மனுப் போட வேண்டும், பாலிசி எடுத்துக் கொடுத்த வங்கியையும் இரண்டாவது எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். இதற்கெல்லாம் அங்கே இடமுண்டு. ஆம்புட்ஸ்மேனின் இருபது நிமிடத்தில் இது அடங்காது என்று எனக்குத் தோன்றியது. பாயின் கடையும் வீடும் வண்ணாரப்பேட்டையில், ஆகவே சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி, கம்பெனியின் தலைமையகம் எங்கிருந்தாலும் நாம் குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலேயே போடலாம்.

வியாபாரி நுகர்வோர் ஆவாரா என்ற கேள்வி வரும். பாயும் கேட்டார். காப்பீடு எடுப்பது லாபம் பார்ப்பதற்கல்ல, நஷ்டத்தை ஈடுகட்டுவதற்கு, ஆகவே வியாபாரிக்கும் இங்கே வழி உண்டு என்று ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. மாவட்டம், மாநிலம், தேசியம் என்ற மூன்றில் எந்தப் படியில் போடுவது என்பதற்கு இப்போது நாம் கேட்கும் தொகையைப் பார்ப்பதில்லை, கட்டிய பிரீமியத்தைப் பார்க்கிறார்கள். 50 லட்சம் வரை மாவட்டம். 50 லட்சம் பிரீமியம் கட்டுகிறவர் எம்.சி. ரோட்டில் யார் இருக்கிறார்? ஆக நம் வழக்கெல்லாம் மாவட்ட ஆணையத்தில்தான். பிரீமியம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. மறுத்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வட்டி, மன உளைச்சலுக்கு இழப்பீடு, வழக்குச் செலவு மூன்றையும் கேட்கலாம்.

வழக்கை முடிக்கச் சட்டத்தில் மூன்று மாதம் என்று போட்டிருக்கிறது. அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். ஜெயித்தாலும் கம்பெனி 45 நாளில் மாநில ஆணையத்துக்கு மேல்முறையீடு போகலாம். ஆனால் பாதித் தொகையைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும், அது ஓர் ஆறுதல். வக்கீல் கட்டாயமில்லை என்றாலும் பாய் மாதிரி வழக்குக்கு ஒருவரை வைத்துக்கொள்வதே நல்லது. ஒரு தேதி தவறினால் கடையை மூடிவிட்டு இன்னொரு நாள் அலைய வேண்டும்.

சிவில் கோர்ட்டைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. கேட்கும் தொகையில் 3 சதவீதம் கோர்ட் கட்டணம். மச்சான் விவகாரத்தில் வாசல்படி ஏறவே 28,200 ரூபாய். 3 லட்சமும் அதற்கு மேலும் என்றால் காப்பீட்டுத் தகராறு வணிக வழக்காகிவிடும். அவசர நிவாரணம் கேட்காத வழக்கில் முதலில் சமரசப் பேச்சுக்குப் போயே ஆக வேண்டும் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதகம், மூன்று வருட அவகாசம். அதைவிடப் பெரியது, சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம். "நீயே தீ வைத்தாய்" என்றோ "கணக்குப் புத்தகம் போலி" என்றோ கம்பெனி குற்றம் சாட்டினால், நுகர்வோர் ஆணையம் இதை விசாரிக்க எங்களுக்கு வசதியில்லை, சிவில் கோர்ட்டுக்குப் போ என்று சொல்லிவிடக்கூடும். அப்படிப்பட்ட கடிதம் வந்தால் மட்டும் ஆரம்பத்திலேயே பாரிமுனை சிவில் கோர்ட் பக்கம் போகலாம். நான் பார்த்தவரை நம் பகுதி சிறு வியாபாரிகளில் பத்தில் ஒருவருக்குக்கூட அது தேவைப்பட்டதில்லை.

மருத்துவ பாலிசியில் மறுப்புக்கு வழக்கமான காரணம், பழைய நோயை மறைத்தீர்கள் என்பது. இங்கே தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள், முதலில் உங்களுக்கே. 2009-ல் சத்வந்த் கவுர் வழக்கில் சிறுநீரகப் பிரச்சினையைச் சொல்லாமல் விட்டதால் பணம் இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 2021-ல் மன்மோகன் நந்தா வழக்கில் சர்க்கரை இருப்பதைச் சொல்லியிருந்தார், கம்பெனியும் பரிசோதித்துத்தான் பாலிசி தந்தது, பிறகு கைவிரித்தது செல்லவில்லை. பாலிசியை விடாமல் 60 மாதம் கட்டியிருந்தால், மோசடியை நிரூபித்தால் ஒழிய இந்தக் காரணத்தைச் சொல்லவே முடியாது. முன்பு எட்டு வருடமாக இருந்தது, 2024-ல் குறைத்தார்கள். சொன்னதற்கான தாள் கையில் இருந்தால் ஆம்புட்ஸ்மேன், தாள் ஏஜென்டிடம் மாட்டிக்கொண்டிருந்தால் நுகர்வோர் கோர்ட்.

தொகையில் மட்டும் சண்டை என்றால், சர்வேயர் சொன்னதே கடைசி வார்த்தை அல்ல என்று 2009-ல் பிரதீப் குமார் வழக்கில் வந்த தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பில்லோடு ஆம்புட்ஸ்மேனிடம் போனால் போதும். "முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கட்டாயப்படுத்தியோ ஏமாற்றியோ வாங்கிய கையெழுத்து என்று காட்ட முடிந்தால் அது நம்மைக் கட்டாது என்று 1999-லேயே தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அதைக் காட்டுவது லேசல்ல. போடும்போதே "ஆட்சேபத்துடன்" என்று பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.

ஆம்புட்ஸ்மேனிடம் போய்விட்டு அப்புறம் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்று மேலே சொன்னேன் இல்லையா, அந்தக் காலத்தில் இரண்டு வருடக் கெடு ஓடிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. மறுப்புக் கடிதத்தின் உறையையும் தூக்கிப் போடாதீர்கள். தபால் முத்திரைத் தேதி அதில்தான் இருக்கும்.

பாய் வழக்கில் போன வாய்தாவில் கம்பெனி முப்பது பக்கப் பாலிசியை அழகாக பைண்டு செய்து தாக்கல் செய்தது. பலவந்தம் பற்றிய வரி பதினொன்றாம் பக்கத்தில் இருக்கிறது. இந்தப் பதினொன்றாம் பக்கத்தை எந்தத் தேதியில், யாருக்கு, எப்படி அனுப்பினீர்கள் என்று எங்கள் வக்கீல் கேட்டார். கம்பெனி வங்கியைக் காட்டியது, வங்கி கம்பெனியைக் காட்டியது. அனுப்பியதற்கான சான்றைக் கொண்டுவர இரண்டு பேரும் அவகாசம் வாங்கியிருக்கிறார்கள்.